கோட்டுக்கு முன் வாசிப்பு: படம் வரைந்து பிழைக்கும் தொழில்

இன்றைய சொற்பொழிவின் பொருள், கதைக்கும் நூலுக்கும் விளம்பரத்துக்கும் படம் வரைந்து பிழைப்பது.

பினாங்கிலுள்ள இந்த ஊருக்குப் பெயரான ஜெலுத்தோங் என்பது முதலில் ஒரு மரத்தின் பெயர். மலேசியக் காடுகளில் நெடுநெடுவென்று வளரும் மரம் அது. அதன் பாலைச் சூயிங்கம் செய்ய ஒரு காலத்தில் கப்பலேற்றினார்கள். அதன் கட்டை வெளிர் நிறம், மென்மையானது, கத்தி பட்டால் பிசிறு இல்லாமல் சீவிக்கொண்டு வரும். அதனால்தான் அதிலிருந்து பென்சில் செய்தார்கள், வரைபலகை செய்தார்கள். பென்சில் மரத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான்.

சுவரில் மாட்டும் ஓவியம் தனித்து நிற்கும். கதைப் படத்துக்குப் பக்கத்தில் எப்போதும் எழுத்து இருக்கும்: ஒரு சிறுகதை, ஒரு பாடம், ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் பெயர். அந்த எழுத்தை முதலில் வாசிப்பவர் யார்? எழுதியவருக்கும் ஆசிரியருக்கும் அடுத்தபடி ஓவியர்தான். இதழ் வீட்டுக்கு வந்து சேருமுன்பே அவர் வாசித்துவிடுகிறார். வாசித்ததைக் கோட்டில் சொல்கிறார். ஆகவே இந்தத் தொழிலின் முதல் பயிற்சி வாசிப்பு. கதையை வாசிப்பது, கண்முன் இருக்கும் தெருவை வாசிப்பது, கையெழுத்துக் கேட்டு வரும் ஒப்பந்தத்தை வாசிப்பது. கோடு நன்றாக வருகிற இளைஞர் பலர் இந்தத் தொழிலில் நிலைக்காமல் போவதற்குக் கை காரணமாக இருப்பது அரிது. வாசிக்காமல் விட்டது எதுவோ, அதுதான் பெரும்பாலும் காரணம்.

தமிழ்ப் பத்திரிகை ஓவியத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1950இல் கல்கி இதழில் எழுத்தாளர் கல்கியின் பொன்னியின் செல்வன் தொடர் தொடங்கியது. 1954 வரை வாராவாரம் வந்தது. படம் வரைந்தவர் மணியம். கதையின் தொடக்கத்தில் வந்தியத்தேவன் ஆடிப் பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வருகிறான். எழுத்தாளருக்குக் குதிரை என்ற ஒரு சொல் போதும். ஓவியருக்குப் போதுமா? கடிவாளம் எப்படி இருந்தது? சேணம் எந்த வடிவம்? வீரனின் முடி அள்ளி முடிந்திருந்ததா, தோளில் புரண்டதா? வாள் எந்தப் பக்கம் தொங்கியது? எழுத்து சொல்லாமல் விட்ட நூறு கேள்விகளுக்கு ஓவியர் விடை சொல்லியே ஆக வேண்டும். அந்த விடைகளைத் தேடித்தான் கல்கி தம் சரித்திரக் கதைகளுக்காக மணியத்தை அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் உடன் அழைத்துச் சென்றார்.

இன்னொரு சோதனையும் உண்டு. கதையின் இளவரசி குந்தவைக்கு முதல் வாரம் ஒரு முகம், நூறாவது வாரம் வேறொரு முகம் என்றால் வாசகர் விடுவாரா? மூன்றரை ஆண்டு ஒரே முகத்தைக் காப்பாற்றியாக வேண்டும். இன்றைக்கும் தொடருக்கோ சிறுவர் நூலுக்கோ வரையத் தொடங்குமுன், ஒவ்வொரு பாத்திரத்தையும் நேராக, பக்கவாட்டில், முக்கால் முகமாக, சிரித்தும் சினந்தும் அழுதும் ஒரே தாளில் வரைந்து மேசைக்கு எதிரே ஒட்டி வைப்பவருக்குப் பாதி வேலை அன்றே முடிந்துவிடுகிறது.

மணியம் கதையை வாசித்தார் என்றால், சில்பி கல்லை வாசித்தார். அவருடைய இயற்பெயர் சீனிவாசன், நாமக்கல்காரர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். சில்பி என்ற பெயரை அவருக்கு வைத்தவர் ஆனந்த விகடனின் ஓவியர் மாலி. 1948இல் தொடங்கிய தென்னாட்டுச் செல்வங்கள் என்ற தொடருக்காகச் சில்பி கோயில் கோயிலாகப் போனார். சிலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, இருட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் மறைந்து கிடந்த அணிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வரைந்தார். உடைந்த விரலும் தேய்ந்த மூக்கும் அவர் தாளில் உயிர் பெற்றன. சிற்ப இலக்கணம் தெரியாதவருக்கு அது முடியுமா? கண் பார்ப்பது பாதி. தெரிந்து பார்ப்பதுதான் மீதி.

இந்தப் பாடத்தைக் கற்க அஜந்தாவுக்குப் போக வேண்டியதில்லை. ஜெலுத்தோங் பசாரில் விடிகாலையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். மீன் வெட்டுபவர் கத்தியை எப்படிப் பிடிக்கிறார், தராசில் எந்தக் கை, பூக்கட்டும் அம்மா நாரை எந்த விரலிடுக்கில் செருகி வைக்கிறார், பையைத் தூக்கி வரும் பாட்டியின் தோள் எந்தப் பக்கம் சரிகிறது: இவற்றைத் தினம் ஒரு பக்கம் வரைந்து வருபவரின் ஓவியத்தில் ஓராண்டுக்குள் ஒரு மாற்றம் தெரியும். தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் பினாங்குத் தெருவின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் வந்த ரதம் அது. தண்ணீர்மலை நோக்கி அது நகரும்போது வழியெங்கும் தேங்காய் குவித்து வைத்து உடைப்பவர்களில் சீனர்களும் ஏராளம். தேங்காயை ஓங்கும்போது உடம்பு எப்படி வளைகிறது? சிதறிய நீரில் நடப்பவர் பாதத்தை எப்படி வைக்கிறார்? தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்குபவரின் இரண்டு கையும் எங்கே இருக்கின்றன? இவை எந்தப் படத்தொகுப்பிலும் கிடைக்காத செய்திகள். பக்கத்திலேயே வாழ்பவருக்குக் கிடைத்த சொத்து.

இங்கே ஒரு கேள்வி எழும். சொல்லைத் தட்டினால் படம் கொடுக்கும் கணினிச் செயலிகள் வந்துவிட்ட காலத்தில் இந்தத் தொழிலுக்கு இடம் இருக்கிறதா? அச்சத்தை மறைப்பதில் பயனில்லை. பொதுவான படங்களுக்கான வேலை குறைந்துகொண்டே போகிறது: கைகுலுக்கும் இருவர், புன்னகைக்கும் குடும்பம், சூரிய உதயம். எங்கும் பொருந்துகிற படத்தை எந்திரமே கொடுத்துவிடுகிறது. ஓர் இடத்துக்கு மட்டுமே பொருந்துகிற படம் வேறு வகை. கணினியிடம் தைப்பூசம் கேட்டால் காவடியின் வளைவும் மயிலிறகின் கட்டும் தவறாக வருவதைப் பினாங்குப் பிள்ளை ஒரே பார்வையில் சொல்லிவிடும். எந்தக் கதைக்கு எந்த விவரம் தேவை, எதை விட்டுவிட வேண்டும் என்று ஆசிரியரோடு உட்கார்ந்து முடிவு செய்பவருக்கு வேலை இருக்கிறது. இருக்கும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையும் உழைப்பைக் கேட்கிறது.

அடுத்தது, தொழிலுக்குள் நுழையும் வழி. இதைச் சொல்ல இந்த நாட்டிலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது. லாட் என்று உலகம் அழைக்கும் முகமது நோர் காலிட் 1951இல் பேராக்கில் பிறந்தவர். 13ஆம் வயதில், 1964இல், அவருடைய முதல் படக்கதையான தீகா செக்காவான் வெளிவந்தது. தபாலில் வந்த அந்தப் படங்களை வரைந்தவர் சிறுவர் என்பது பதிப்பகத்துக்குத் தெரியாது. 1968இல் பெரித்தா மிங்கு இதழில் கெலுவார்கா சி மாமாட் என்ற வாரத் தொடர் தொடங்கி 26 ஆண்டுகள் ஓடியது. பள்ளி முடித்து ஓவியர் வேலை தேடிக் கோலாலம்பூர் போனார். அந்த வேலை காலியில்லை. என்ன செய்தார்? கிடைத்த வேலையை ஏற்றார். குற்றச் செய்தி திரட்டும் நிருபரானார்.

ஊரைவிட்டு வந்த இளைஞருக்கு அது தோல்வியாகத் தோன்றியிருக்கலாம். பின்னால் பார்த்தால் அதைவிடச் சிறந்த ஓவியப் பள்ளி அவருக்கு வாய்த்திருக்காது. காவல் நிலையத்து மேசை, நீதிமன்ற வராந்தா, பல இனத்தாரின் பேச்சும் நடையும் அவர் கண்ணில் தங்கின. 1974இல்தான் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அவரை முழுநேரக் கேலிச்சித்திரக்காரராக அமர்த்தியது. 1975இல் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியப் பள்ளியில் சில மாதம் பயின்றார். 1979இல் கம்போங் பாய் என்ற அவருடைய படநூல் வெளிவந்தது; பேராக் கம்பத்து வாழ்க்கையின் ஒவ்வொரு மரச்சட்டமும் அதில் இருக்கிறது. 2006இல் அது அமெரிக்கப் பதிப்பும் கண்டது. செய்தித்தாள் வேலையை விட்டுத் தனித்தொழிலுக்கு அவர் வந்தது 1984இல். முதல் நூலுக்கும் அந்த நாளுக்கும் இடையே எத்தனை ஆண்டு? இருபது. முதலில் பள்ளியின் நிழலிலும் பிறகு மாதச் சம்பளத்தின் நிழலிலுமாக இருபது ஆண்டு வளர்ந்த பிறகே அந்த மரம் வெயிலுக்கு வந்தது. முதல் நாளே வேலையை உதறிவிட்டு ஓவியமே வாழ்வு என்று இறங்க நினைக்கும் இளையோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். பகலில் அச்சகத்தில், பள்ளியில், விளம்பர அலுவலகத்தில் வேலை. மாலையில் சொந்தப் படம். இதில் குறைவு எதுவும் இல்லை.

தமிழ்ப் பத்திரிகை ஓவியர் கோபுலுவின் வாழ்க்கை வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் பயின்று, ஆனந்த விகடனில் மாலியின் வழியில் வளர்ந்தவர். ஒரு சொல் இல்லாமல் கட்டங்களிலேயே நகைச்சுவையை நடத்திக் காட்டினார்; தில்லானா மோகனாம்பாள் தொடருக்கு உருவம் கொடுத்தார். புகழின் உச்சியில் இருந்தபோதே, 1960களில், பத்திரிகையை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். பிறகு சொந்த விளம்பர நிறுவனம் தொடங்கினார். கலையை விற்றுவிட்டார் என்று யாராவது சொன்னால் அது அறியாமை. சின்னம் வரைவதும் பொட்டலம் வடிவமைப்பதும் அதே கையின் வேலைதான். அந்த வருமானம் பின்னாளில் விரும்பிய படத்தை விரும்பியபடி வரைய விட்டது. பக்கவாதத்தால் வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார்.

இதழ்கள் மட்டும் இனிச் சோறு போடாது என்பதை இந்த நாட்டுத் தமிழர் நன்றாகவே அறிவார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. ஞாயிறு மலரின் சிறுகதைப் படத்தை நம்பி ஒருவர் குடும்பம் நடத்திய காலம் போய்விட்டது. பாடநூல், சிறுவர் நூல், அசைபடத்துக்கான கதைப்பலகை, கணினி விளையாட்டு, பொட்டலம், திருமண அழைப்பிதழ், சுவரோவியம் என்று வேலை சிதறிக் கிடக்கிறது. மொழியும் சிதறிக் கிடக்கிறது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கதையை வாசிக்கத் தெரிந்த பினாங்கு ஓவியருக்கு, ஒரு மொழி மட்டும் அறிந்தவரைவிட மும்மடங்கு வாசல் திறக்கிறது. சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ் கோண்ட் பழங்குடி ஓவியர்களைக் கொண்டு உருவாக்கிய மரங்களின் இரவு வாழ்க்கை பற்றிய நூல் உலகெங்கும் போயிருக்கிறது. தாளும் கையால் செய்தது, அச்சும் கையால் செய்தது. சொந்த மண்ணின் கோடு வெளியூரில் விலைபோகாது என்ற பயத்துக்கு அந்த நூலே விடை.

வேலை கேட்டுப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? பட்டமா? மிண்டனில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் கலைத்துறை பக்கத்திலேயே இருக்கிறது. படிக்க முடிந்தவர் படிப்பது நல்லது. ஆனாலும் வேலை கொடுக்கும் இதழாசிரியர் முதலில் கேட்பது படத்தொகுப்பைத்தான். அதில் பன்னிரண்டு முதல் பதினைந்து படம் போதும். நாற்பது வைத்தால் அவற்றில் மோசமானது எதுவோ அதுவே நினைவில் நிற்கும். ஒரே பாத்திரம் மூன்று நான்கு காட்சிகளில் வர வேண்டும். கைகள் தெரிய வேண்டும். கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்த படங்களை ஆசிரியர்கள் உடனே கண்டுகொள்கிறார்கள். கூட்டம் ஒன்று, வீட்டின் உட்புறம் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று, அடுத்தடுத்து வரும் மூன்று பக்கங்கள் இருக்கட்டும். எதை மறுபடி வரையப் பிடிக்காதோ அதைத் தொகுப்பில் வைக்கக் கூடாது. அதுவே வேலையாக வந்து சேரும். இத்தாலியின் போலோஞா சிறுவர் நூல் சந்தை 1967 முதல் ஓவியர்களுக்கென்று நடத்தும் கண்காட்சிக்குக் கேட்பது ஐந்தே படங்கள்தான்.

அச்சைப் பற்றி இரண்டு வார்த்தை. திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் நான்கு மையில் அச்சாகும்போது மங்கும். முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும். வண்ணம் தாளின் விளிம்புவரை போகும் படத்துக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும். நூலின் நடு மடிப்பில் முகம் விழக்கூடாது.

இனி, பலரும் பேசக் கூசுகிற பகுதி: பணம். ஒரு படத்துக்கு எவ்வளவு கேட்பது? பக்கத்து ஓவியர் வாங்குவதைக் கேட்டு ஐந்து மலேசிய வெள்ளி குறைப்பது வழியாகாது. கணக்கு வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு வாடகை, சாப்பாடு, மருந்து, கருவிகள், சேமிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 3,000 வெள்ளி தேவை என்று கொள்வோம். மாதத்தில் வேலை நாள் 20. அதில் பாதி, வாய்ப்புத் தேடவும் மின்னஞ்சல் எழுதவும் திருத்தம் பேசவும் போய்விடும். படத்துக்குக் காசு கிடைக்கும் நாள் 10 மட்டுமே. ஆக, ஒரு நாள் உழைப்பின் விலை 300 வெள்ளி. 32 பக்கச் சிறுவர் நூல் ஒன்றில் 14 இரட்டைப் பக்கப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் என்றால் 28. முன்வரைவுக்கு 10 நாள், அட்டைக்கு 2 நாள். மொத்தம் 40 நாள், 12,000 வெள்ளி. பதிப்பாளர் 2,000 தருகிறேன் என்றால்? மறுக்கலாம், படங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், எளிய பாணியைத் தேர்ந்துகொள்ளலாம், விற்பனையில் பங்கு கேட்கலாம். நட்பின் பேரில் ஒப்புக்கொள்ளவும் செய்யலாம். எதைச் செய்தாலும் எவ்வளவை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். தொடங்கும்போது மூன்றில் ஒரு பங்கு, முன்வரைவு ஒப்புதலானதும் ஒரு பங்கு, முடிந்ததும் ஒரு பங்கு என்று வாங்குவது இரு தரப்புக்கும் நியாயம். இரண்டு முறைக்கு மேல் திருத்தம் கேட்டால் தனிக் கட்டணம் என்பதையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

வாசிப்பின் மூன்றாவது இடமான ஒப்பந்தம் வந்துவிட்டது. சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டிய இடம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவு. ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன படத்தின் பதிப்புரிமை யாருக்கு? வரைந்தவருக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே உரிமை மாறியதாகக் கொள்கிறது. ஒரு மசாலாத்தூள் கடைக்காகச் சிரிக்கும் பாட்டி ஒருத்தியை வரைந்து கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். பேச்சு ஒரு பொட்டலத்துக்குத்தான். எழுத்தில் எதுவும் இல்லை. பாட்டி நாளை ஊறுகாய் புட்டியில் சிரிப்பாள், வேனில் சிரிப்பாள், சாலையோரப் பலகையில் சிரிப்பாள். ஓவியருக்கு ஒரு காசு கூடுதலாக வராது. இதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும்? பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், இந்தப் பொருளுக்கு, இந்த நாட்டில், இத்தனை ஆண்டுக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும் தரப்படுகிறது என்று வேலை தொடங்குமுன் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பத்து வரி போதும். முழு உரிமையும் வேண்டும் என்று நிறுவனம் கேட்பது தவறில்லை. அதற்கு விலை வேறு. கூடவே, உரிமை கைமாறினாலும் வரைந்தவர் பெயரைக் குறிக்கச் சொல்லும் தார்மிக உரிமை 25ஆம் பிரிவின்படி ஓவியரிடமே இருக்கிறது. பதிப்புரிமை ஓவியரின் மறைவுக்குப் பின்னும் 50 ஆண்டு நீடிக்கும். ஆகவே இது பிள்ளைகளுக்கான சொத்தும்கூட.

சுவரோவியம் வரைபவருக்கு இன்னும் ஒரு செய்தி. பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அடுத்து, தாங் முன் கியான், பாபா சுவா, ரெகி லீ போன்ற கேலிச்சித்திரக்காரர்களின் கோடுகள் இரும்புக் கம்பிச் சித்திரங்களாகத் தெருமுனைகளில் நின்றன. 2012இல் லிதுவேனியாவின் எர்னெஸ்ட் சகரேவிச் ஆர்மீனியத் தெருச் சுவரில் சைக்கிளில் இரு குழந்தைகளை வரைந்தார். அன்றுமுதல் அந்தப் படம் சட்டையில் தொங்குகிறது, காந்தத்தில் ஒட்டுகிறது. இதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக அமைந்த கலைப்படைப்பைப் படியெடுத்துப் பரப்புவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. எனவே சுவரில் வரைபவர், பின்னால் அட்டையும் சட்டையும் விற்று ஈடுகட்டலாம் என்று கூலியைக் குறைத்துக்கொண்டால் ஏமாந்து போவார். சுவருக்கான முழு விலையையும் சுவரிலேயே வாங்கிவிட வேண்டும்.

பதிவு வேலைகள் எளியவை. நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. பதிவு இருந்தால் பெரிய நிறுவனங்களும் அரசுத் துறைகளும் வேலை கொடுக்கத் தயங்குவதில்லை. சொந்தத் தொழில் வருமானத்துக்கு ஆண்டுதோறும் வருமான வரிக்கான பி படிவம் நிரப்ப வேண்டும். தாள், மை, கணினி வாங்கிய ரசீதுகள் அப்போது உதவும். முக்கியமான படங்களை அறிவுசார் சொத்துக் கழகமான மைப்போவில் பதிப்புரிமை அறிவிப்பாகப் பதிந்து வைக்கும் வசதி 2012 முதல் இருக்கிறது.

கடைசியாக, கையால் வரைந்த மூலப்படங்கள். அச்சானதும் அவற்றைத் திருப்பிக் கேட்டு வாங்க வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு வரி வேண்டும். மூலப்படம் கண்காட்சியில் விற்கும், மறுபதிப்புக்கு உதவும். பினாங்குக் கடற்காற்றின் ஈரம் தாளுக்குப் பகை. ஒரே மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். மூலத்தை அமிலமில்லாத தாளுக்கு இடையே வைத்து, தரையிலும் வெளிச்சுவரிலும் படாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், கதையின் பெயர், வெளியான இதழ், நாள், யாருக்கு எந்த உரிமை கொடுக்கப்பட்டது என்பதை எழுதி வைத்தால், பத்தாண்டு கழித்து ஒரு பதிப்பாளர் தேடிவரும்போது பதில் கையிலேயே இருக்கும்.